லட்சுமியின் கையிலிருந்து விழும் காசு

1

டிசம்பர் வந்துவிட்டால் ஈப்போவில் மழையும் ஓயாது, காலண்டரும் ஓயாது. சிலிபினில் எங்கள் வீட்டுக்கு எதிரே இருக்கும் மளிகைக்கடைக்காரர் எண்பத்து மூன்றாம் ஆண்டுக் காலண்டரைச் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, போன வாரம் என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தார். பிரித்தால் முருகன். கீழே கடையின் பெயர், விலாசம், டெலிபோன் நம்பர். இவர் ஆணியும் சுத்தியலும் தேடிக்கொண்டு போனார். நான் சமையலறையிலிருந்தபடியே, "அதை மாட்ட வேண்டாம்" என்றேன். சொன்ன வேகம் எனக்கே கொஞ்சம் அதிகமாகப் பட்டது.

"காலண்டர்தானே லா. வருசா வருசம் மாட்டுறதுதானே?" என்றார், இந்த ஊர்ப் பேச்சின் வாலில் ஒட்டிக்கொள்ளும் 'லா'வோடு.

"தேதி பார்க்க பாங்கில் கொடுத்தது இருக்கு. அது போதும்."

அவர் மேலே கேட்கவில்லை. அவருக்குக் காரணம் தெரியும். முருகனை மறுபடி சுருட்டி அலமாரி மேல் வைத்துவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விட்டார். மாயவரத்திலிருந்து என் தங்கை ஒவ்வொரு கடிதத்திலும், "மலேயா காலண்டர் ஒன்று அனுப்பேன், வழவழவென்று இருக்குமாமே" என்று எழுதுகிறாள். அவளுக்கே அனுப்பிவிடலாம் என்றிருக்கிறேன்.

ஒரு காலண்டரைப் பார்த்து ஒருத்திக்கு இவ்வளவு எரிச்சல் ஏன் வரவேண்டும் என்று ஊரில் இருக்கும் உங்களுக்குத் தோன்றும். போன வருடம் என் சனிக்கிழமை வகுப்பில் நடந்ததைச் சொன்னால்தான் அது விளங்கும். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

2

நான் இங்கே வந்தது அறுபதுகளின் நடுவில். கல்யாணமாகி, கப்பலேறி, கையில் ஒரு தமிழ் பி.ஏ. பட்டத்தோடு வந்தேன். இவர் இங்கேயே பிறந்தவர், அரசாங்க ஆபீசில் குமாஸ்தா. அவரிடம் இருப்பது குடிமக்களின் நீல அடையாள அட்டை. என்னுடையது சிவப்பு. இத்தனை வருடமாகியும் சிவப்புதான். நீலத்துக்கு மனுப் போட்டுவிட்டு நானும் காத்திருக்கிறேன். எந்த மேசைக்குப் போனாலும் அடுத்த மேசையைக் கைகாட்டுகிறார்கள்.

மலாய் மொழியை நான் கற்றுக்கொண்டது காய்கறிச் சந்தையில். அங்கே எல்லோரும் எல்லோரையும் 'லூ' என்றுதான் கூப்பிடுவார்கள். அதற்கு 'நீங்கள்' என்று அர்த்தம் போலிருக்கிறது என்று நானே முடிவு செய்துகொண்டேன். குடிநுழைவு அலுவலகத்தில் மீசை வைத்த பெரிய அதிகாரியிடம் போய், லூவுடைய பேனாவைக் கொஞ்சம் தர முடியுமா என்று மிகவும் பணிவாகக் கேட்டேன். பக்கத்தில் நின்ற இவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். நம் ஊரில் தாசில்தாரைப் பார்த்து 'நீ' போட்டது போல. அதிகாரி நல்லவர், சிரித்துவிட்டுப் பேனாவைக் கொடுத்தார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இவர்தான் சிரிக்கவில்லை.

ஊருக்கு வெளியே இருக்கும் ஓர் இடைநிலைப் பள்ளியில் சனிக்கிழமை காலையில் தமிழ் வகுப்பு எடுப்பதுதான் என் வேலை. பகுதி நேரம், மணிக்கணக்கில் சம்பளம், வருடாவருடம் புதுப்பிக்க வேண்டிய அனுமதி. பள்ளியில் மற்ற பாடமெல்லாம் மலாயில். தமிழ் வேண்டுமென்றால் பதினைந்து பிள்ளைகளின் பெற்றோர் கேட்டுக் கையெழுத்திட வேண்டும். பதினான்கு பேர் என்றால் வகுப்பு இல்லை. வகுப்பு இல்லையென்றால் அந்தப் பிள்ளைகளை மூன்றாம் படிவத் தேர்வில் (நம் ஊர்க் கணக்கில் ஒன்பதாம் வகுப்பு) தமிழ்த்தாள் எழுத யாரும் தயார் செய்யமாட்டார்கள். போன வருடம் என்னிடம் இருந்தவர்கள் சரியாகப் பதினைந்து பேர். பாதிப்பேர் பக்கத்து ரப்பர்த் தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் முதலில் பார்ப்பது பிள்ளைகளின் முகத்தையல்ல, தலைகளைத்தான்.

3

பாடப்புத்தகத்தில் ஒரு கவிதை. பெண்ணின் முகத்தைத் தாமரை என்கிறார் கவிஞர். நம் ஊரில் கோயில் குளத்தைக் காட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடலாம். இங்கே பின்வரிசையில் ஒருவன் கையைத் தூக்கினான்.

"டீச்சர், தாமரைன்னா அந்த ஈயக்குட்டையில இருக்குமே, அதுதானே? அதோட வேரைச் சீனன் கடையில சூப்புல போடுவாங்க. பொண்ணு மூஞ்சி எப்படி டீச்சர் அது மாதிரி இருக்கும்?"

ஈயம் தோண்டிய பள்ளங்களில் தண்ணீர் நின்று குட்டையாகி, அதில் தாமரை வளர்த்துக் கிழங்கு விற்கிறார்கள். அவன் சொன்னதில் தப்பே இல்லை. சரி, அந்தப் பூவை நீ எப்போது பார்த்தாய், என்ன நிறம், பார்த்தபோது என்ன தோன்றியது என்று கேட்டால் உடனே வாயை மூடிக்கொண்டான். எல்லோரும் வழிகாட்டி நூலைப் புரட்டினார்கள். 'தாமரை தூய்மையையும் மங்கலத்தையும் குறிக்கும்.' பதினைந்து நோட்டிலும் அதே வாக்கியம். அச்சுப்பிழை உட்பட.

எனக்கு எரிச்சல் வந்ததென்றால் சாதாரண எரிச்சல் இல்லை. இந்தப் பிள்ளைகளுக்குப் பார்க்கத் தெரியாமல் இல்லை. சினிமா போஸ்டரை பஸ்ஸில் போகிற போக்கில் பார்த்துவிட்டு யார் வில்லன், யார் இடைவேளைக்குள் சாவார் என்று சொல்லிவிடுவார்கள். கவிதை என்றதும் மட்டும் அந்தக் கண்ணைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள். யாரோ ஒருவர் முன்பே பார்த்து எழுதிவைத்ததை எழுதுவதுதான் கவிதைப் பாடம் என்று யார் இவர்களுக்குச் சொன்னது? நான் சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை பாடப்புத்தகத்தை எடுக்க வேண்டாம் என்றேன். தமிழ்ப் பேப்பரில் வந்த முகப்பவுடர் விளம்பரத்தை வெட்டிக் கரும்பலகையில் ஒட்டினேன். மாநிறப் பெண் ஒருத்தி ஜன்னலோரம் நிற்கிறாள். பின்னால் முழுநிலா.

"ஜன்னல் எதுக்கு வச்சிருக்காங்க? பவுடர் விக்கிறவனுக்கு நிலா எதுக்கு?"

மூன்றாவது வரிசையிலிருந்து இந்திராணி பேசினாள். தோட்டத்துப் பிள்ளை, பதினைந்து வயது. பெயர் கூப்பிட்டால்தான் குரலே வரும்.

"இந்தப் பவுடர் போட்டா நிலா மாதிரி வெள்ளையாயிடலாம்னு."

"அப்படி எங்கேயாவது எழுதியிருக்கா?"

"இல்ல டீச்சர். எழுதுனா நம்ப மாட்டோம். அதான் படமா வச்சிருக்காங்க."

அன்றைக்குப் பலகையில் இரண்டு வரி எழுதிப்போட்டேன். விளம்பரம் ஒன்றைக் காட்டி நம்மிடமிருந்து ஒன்றை வாங்கிக்கொள்ளும். கவிதை ஒன்றைக் காட்டி நமக்கு ஒன்றைக் கொடுக்கும். இரண்டையும் பார்க்கிற கண் ஒன்றுதான். அதன்பிறகு தாமரைக் கவிதையைத் திரும்பப் படித்தோம். ஈயக்குட்டைப் பையனே, "அந்தப் பூவு காலையில மட்டும்தான் டீச்சர் நல்லா இருக்கும், மத்தியானம் ஒரு மாதிரி ஆயிடும். அந்தப் பொண்ணும் காலையிலதான் வருது கவிதையில" என்றான். எந்த வழிகாட்டி நூலிலும் இல்லாத பதில். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வீட்டில் இருக்கும் விளம்பரப் படம் ஒன்றை அடுத்த வாரம் ஆளுக்கொன்று கொண்டுவரச் சொன்னேன்.

4

டயர், சோப்பு, தைலம், கறுப்பு பீர் என்று பேப்பர் துண்டுகளாக வந்தன. இந்திராணி மட்டும் பழைய கைலித் துணியில் எதையோ சுற்றிக்கொண்டு வந்தாள். பிரித்து மேசைமேல் வைத்தாள். கண்ணாடிச் சட்டம் போட்ட லட்சுமி. கண்ணாடியில் குங்குமம் காய்ந்திருந்தது, ஓரத்தில் ஊதுபத்திப் புகை படிந்து பழுப்பேறியிருந்தது.

"இது சாமி படமில்லையா இந்திராணி?"

"காலண்டர் டீச்சர். எங்க வீட்டுல பேப்பர் வாங்குறது இல்ல. படம்னா இது ஒண்ணுதான் இருக்கு. கீழ பாருங்க."

பார்த்தேன். தாமரையில் நிற்கும் லட்சுமியின் காலடியில் தோட்டத்து முச்சந்திக் கடையின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. அதற்குக் கீழே, மளிகைச் சாமான்கள், கறுப்பு பீர், சம்சு வகைகள் மொத்தமாகவும் சில்லறையாகவும் கிடைக்கும் என்று போட்டிருந்தது. சம்சு என்பது இங்கே கிடைக்கும் மலிவுச் சாராயம். தேதித்தாளை மட்டும் கிழித்துவிட்டு மற்றதை அப்படியே சட்டம் போட்டிருக்கிறார்கள். தோட்டத்து வீடுகளில் இது வழக்கம்தான். நானே பல வீடுகளில் கும்பிட்டிருக்கிறேன், கீழே என்ன எழுதியிருக்கிறது என்று ஒருநாளும் படித்ததில்லை.

"சொல்லு. என்ன பார்த்தே?"

அவள் விரலைக் கண்ணாடியில் வைத்தாள். "லெட்சுமி கையிலேர்ந்து காசு விழுது. நான் சின்னப்புள்ளையிலேர்ந்து இதப் பாத்துக்கிட்டு இருக்கேன். நமக்குத்தான் குடுக்குறாங்கன்னு நெனச்சேன். நேத்துதான் டீச்சர் அது எங்க விழுதுன்னு பாத்தேன். கடைப் பேரு மேல விழுது."

வகுப்பே எழுந்து வந்து மேசையைச் சுற்றி நின்றது. விரல் காட்டிய கோட்டில் எல்லோர் கண்களும் இறங்கின. காசுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக, வரிசை பிசகாமல், கடைப்பெயரின் முதல் எழுத்தின் மேல் போய் முடிந்தன.

"ஆமால்ல" என்றான் ஈயக்குட்டைப் பையன்.

"எங்கப்பா சம்பளமும் அங்கதான் டீச்சர் விழுது" என்றாள் இந்திராணி.

நான் அவளை எல்லோர் முன்னாலும் பாராட்டினேன். கல்லூரியில் எனக்கு ஒரு பேராசிரியரும் சொல்லித்தராத வாசிப்பு அது. ஆசிரியை வேலையில் எனக்கு அதைப் போல் ஒரு காலை அதற்கு முன் வாய்த்ததில்லை, இனி வாய்க்கும் என்றும் தோன்றவில்லை. படத்தைப் பத்திரமாகச் சுற்றிக் கொண்டுபோகச் சொல்லி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.

5

அடுத்த சனிக்கிழமை தலைகள் பதினான்கு. வகுப்பு முடிகிற நேரத்தில் இந்திராணியின் அம்மா அஞ்சலை வந்தார். விடியற்காலையில் பால்மரம் வெட்டி (ரப்பர் மரப்பட்டையைக் கீறிப் பால் எடுப்பதை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்), பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு, அந்த முழுக்கைச் சட்டையோடே பஸ் ஏறியிருந்தார். சைக்கிள் கொட்டகை நிழலில் நின்றார். உள்ளே வாருங்கள் என்றதற்கு வரவில்லை.

"டீச்சரம்மா, நீங்க ஊர்லேர்ந்து வந்தவங்க, படிச்சவங்க. எங்க சாமிய எடுத்தாந்து வகுப்புல வச்சு என்ன பேசுனீங்க?"

நடந்ததைச் சொன்னேன். உங்கள் பெண் எவ்வளவு கெட்டிக்காரி என்பதையும் சொன்னேன். அது அவர் காதில் ஏறவில்லை.

"புள்ளைங்க பஸ்ஸுலயே பேசிருச்சிங்க. கடைக்காரரு காதுக்குப் போச்சு. எங்க வீட்டுக்காரரு அங்க போனா, உம்மவ நம்ம லெட்சுமிய சம்சு விக்க வச்சிட்டாளாமேன்னு நாலு பேரு முன்னால கேட்டுருக்காரு. இவரு வந்து, இனிமே தமிழ் வகுப்பும் வேணா ஒண்ணும் வேணாங்கிறாரு."

"படத்துக்குக் கீழே சம்சுன்னு அச்சடிச்சது அவர்தானே அக்கா? என் வகுப்பா அச்சடிச்சது?"

"எனக்குத் தெரியாதா? எழுத்துக் கூட்டிப் படிப்பேன் நானு. கடையில குடுத்ததுன்னு தெரிஞ்சுதான் சட்டம் போட்டேன். அந்த மூஞ்சி அவ்வளவு நல்லா இருந்திச்சு." சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டார். "இப்ப இவ வெளக்கு ஏத்தமாட்டேங்கிறா. காசு எங்க விழுதுன்னு பாரும்மாங்கிறா. நானும் பாத்தேன். அதுலேர்ந்து கும்புட நின்னா எனக்கும் காசுதான் டீச்சர் தெரியுது. மூஞ்சி தெரியல."

அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவர் ரெண்டும் செய்யாமல், "வாரேன்" என்று சொல்லிவிட்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.

எனக்கு ஆற்றாமை பொங்கியது. சாமி காலடியில் சாராயத்தை அச்சடித்தவரை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. வருடாவருடம் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் அவருக்குத்தான் முதல் மாலை. அதைப் படித்துச் சொன்ன பெண்ணைத்தான் கேட்டார்கள். அந்த அம்மாவிடம் கோபப்படவும் முடியவில்லை, அந்தப் பெண் படித்தது தப்பு என்று சொல்லவும் எனக்கு வாய் வராது. அன்றைக்கும் வரவில்லை, இன்றைக்கும் வராது.

6

தலைமையாசிரியர் மலாய்க்காரர், மரியாதையான மனிதர். என்னை 'சிகு' என்றுதான் அழைப்பார். ஆசிரியர் என்று அர்த்தம். விஷயம் அன்றைக்கே அவர் வரைக்கும் போயிருந்தது.

"சிகு, சமயம் சம்பந்தப்பட்ட பேச்சு பள்ளிக்குள் வேண்டாம். தேர்வுக்கு என்ன இருக்கிறதோ அதை மட்டும் நடத்துங்கள். இன்னொன்று, மாதக் கடைசியில் எண்ணிக்கை அனுப்ப வேண்டும். பதினான்கு என்று என்னால் அனுப்ப முடியாது, பதினைந்து என்று பொய்யும் எழுத முடியாது."

இது சமயம் இல்லை, படிமம் என்று விளக்க நினைத்தேன். படிமத்துக்கு மலாயில் என்ன சொல் என்று எனக்குத் தெரியவில்லை. சந்தையில் அதை யாரும் விற்பதில்லை. தலையாட்டிவிட்டு வந்தேன்.

பதினைந்தாவது தலை ஒன்று என் வீட்டிலேயே இருந்தது. என் மகன் அதே பள்ளியில் முதல் படிவம். அவன் ஆரம்பப் பள்ளியில் படித்தது மலாயில், அவன் அப்பா எடுத்த முடிவு. நானும் அப்போது, தமிழை வீட்டில் நானே சொல்லிக்கொடுத்துக்கொள்கிறேன் என்று பெரிதாகப் பேசிவிட்டேன். பேசியதோடு சரி. சனிக்கிழமை அவனுக்கு பேட்மிண்டன். அன்று மாலை அவன் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தான். ஒரு விளம்பரம் ஓடியது. குதிரையில் ஒருவன் மலையோரமாகப் போகிறான், கடைசியில் ஒரு காப்பிப் பாக்கெட்.

"காப்பிக்குக் குதிரை எதுக்குடா கண்ணா?" என்று பேச்சுக் கொடுத்தேன்.

"அம்மா, அது இக்லான் லா." விளம்பரத்துக்கு மலாய்ச் சொல் அது. "சும்மா பாக்குறதுக்கு. உங்களுக்கு எதப் பாத்தாலும் பாடமா?"

நான் நேராகவே கேட்டுவிட்டேன். என் வகுப்பில் வந்து சேர், உன்னால் வகுப்பு நிலைக்கும் என்றேன். அவன் டி.வி.யை விட்டுத் திரும்பினான்.

"நான் எப்படிமா வருவேன்? அவங்கல்லாம் தமிழ் ஸ்கூல்ல படிச்சவங்க. எனக்குப் போர்டுல எழுதுறதே படிக்கத் தெரியாது. டீச்சர் பையனுக்குத் தமிழ் வராதுன்னு சிரிப்பாங்க. அப்புறம் உங்களுக்குத்தான் மாலுவா இருக்கும்."

மாலு என்றால் வெட்கம். எனக்கு வெட்கமாக இருக்குமே என்று என் பிள்ளை எனக்காகக் கவலைப்படுகிறான். மாயவரத்தில் தமிழ் பி.ஏ. முதல் வகுப்பில் தேறியவள் நான். உள்ளே போய் அரிசி களைந்தேன்.

7

மறுநாள் ஞாயிறு. தனியாகவே பஸ் ஏறித் தோட்டத்துக்குப் போனேன். வரிசை வீடுகளில் கடைசி வீடு அஞ்சலையுடையது. அவர் வீட்டுக்காரர் இல்லை, எங்கே போயிருப்பார் என்று நான் கேட்கவில்லை. பால் விடாத காப்பி கலந்து கொடுத்தார். லட்சுமி பழைய இடத்தில் இருந்தாள், முன்னால் விளக்கு எரிந்தது. கடைப்பெயர் இருந்த இடத்தில் கண்ணாடிக்கு மேலாக மஞ்சள் காகிதம் ஒட்டியிருந்தது.

நான் பார்ப்பதை அவர் பார்த்தார். "ஒட்டியும் புண்ணியமில்ல. கீழ என்ன இருக்குன்னுதான் தெரிஞ்சுபோச்சே."

இந்திராணி உள்வாசலில் நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. டீச்சர் நமக்காகப் பேச வந்திருக்கிறார் என்று நினைத்திருப்பாள். நானும் பஸ்ஸில் வரும்போது அப்படித்தான் தயார் செய்துகொண்டு வந்தேன். நாலு வாக்கியம் மனப்பாடமாகவே வைத்திருந்தேன்.

"இவ வரலன்னா வகுப்பையே மூடிடுவாங்க அக்கா. மத்த பதினாலு பிள்ளைகளும் தமிழ் எழுத முடியாது. இவளும் எழுத முடியாது."

அஞ்சலை எழுந்து போய் விளக்குத் திரியைத் தூண்டிவிட்டு வந்தார். "தமிழ்த்தாளு அவளுக்கு வேணும் டீச்சர். எனக்கும் தெரியும். மரம் வெட்டுறதோட நிக்கக்கூடாது அவ. இவங்கப்பாகிட்ட நான் பேசிக்கிறேன். ஆனா ஒண்ணு. படத்தப் பாரு, அதப் பாரு, இதப் பாருன்னு வேணாம். பரிச்சைக்கு என்ன எழுதணுமோ அத மட்டும் சொல்லிக் குடுங்க. அதுக்குமேல எம்புள்ளைக்கு வேணாம். சரின்னு சொல்லுங்க, அனுப்புறேன்."

அந்த நாலு வாக்கியமும் எங்கே போயின என்று தெரியவில்லை. எண்ணிக்கையும், மாதக்கடைசியும், பதினான்கு முகமும்தான் கண்முன் நின்றன.

"சரி அக்கா" என்றேன்.

இந்திராணி அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தாள். அவள் காதில் விழாமல் நான் அதைச் சொல்லியிருக்க முடியாது. சொல்லிவிட்டு அவள் பக்கம் திரும்பாமல் காப்பியைக் குடித்து முடித்தேன்.

அந்தச் சனிக்கிழமை அவள் வந்தாள். தலைமையாசிரியர் எண்ணிக்கையை அனுப்பினார். வகுப்பு பிழைத்தது, வருடம் முழுக்க நடந்தது, தேர்வில் பதினைந்து பேரும் தேறினார்கள். இந்திராணிக்குத்தான் அதிக மதிப்பெண். எல்லோரும் எனக்குக் கைகொடுத்தார்கள்.

அவள் திரும்பி வந்த அன்றைய பாடம், மலையிலிருந்து இறங்கும் ஆற்றைப் பற்றிய கவிதை. ஆறு தன் வழியில் உள்ள கல்லையெல்லாம் தொட்டுத் தொட்டுப் போகிறது என்று ஒரு வரி. வாக்கு கொடுத்தது நினைவிருந்தும், பழைய ஆசை விடவில்லை. மெதுவாக, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரிக் கேட்டேன்.

"இந்திராணி, இந்த வரியில உனக்கு என்ன தெரியுது?"

அவள் நோட்டைப் பிரித்து, தேதி போட்டு, பேனா மூடியைக் கழற்றிப் பின்னால் செருகிக்கொண்டாள். கோபமும் இல்லை, குத்தலும் இல்லை. நல்ல பிள்ளையாக என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன தெரியணும்னு நீங்க சொல்லுங்க டீச்சர். எழுதிக்கிறேன்."

சொன்னேன். எழுதிக்கொண்டாள்.